கருவியில் கோளாறு என்றேன்

என் மருமகளின் உடம்பில் ரத்தம் இல்லை என்று மூன்று கருவிகள் என்னிடம் சொல்லின. மூன்றையும் திட்டினேன். ஒன்றைத் தட்டிக்கூடப் பார்த்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிகள் மூன்றும் சரியாகத்தான் இருந்தன. கோளாறு என் மண்டைக்குள் இருந்தது.

வீடு வீடாகப் போய்ப் பெண்களின் விரலில் குத்தி ரத்த அளவு பார்ப்பது என் வேலை. எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது, ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் ரத்தக்காட்டேரி. நான் தெருமுனையில் திரும்பினாலே, "காட்டேரி வருது, விரலை ஒளிச்சுக்கோங்க!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். "உன் ரத்தம் எனக்கு எதுக்குடா, அதுல பாதி மிட்டாய்த் தண்ணி" என்று நானும் விடமாட்டேன்.

என்னோடு வருகிறவள் கேள்வி கேட்டு எழுதுகிற பெண். எந்நேரமும் விரல்களுக்கு நடுவே பேனாவைச் சுழற்றிக்கொண்டிருப்பதால் ஆபீசில் அவளைப் பேனா என்றுதான் கூப்பிடுவோம். கேள்விகள் எனக்கு மனப்பாடம். பேனா வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி என் வாய்க்கு வந்துவிடும். கறி, முட்டை கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? வீட்டில் எல்லாருக்கும் கடைசியாகச் சாப்பிடுவது யார்? சாப்பிட்ட கையோடு டீ குடிப்பீர்களா? இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே எத்தனை மாத இடைவெளி? பச்சரிசி, மண், சாக்பீஸ் என்று எதையாவது தின்னத் தோன்றுகிறதா? பதில் சொல்லி முடித்ததும் என் பிரசங்கம் ஆரம்பித்துவிடும். "சத்து மாத்திரையை டீயோட முழுங்கினா சத்து அப்படியே வெளிய போயிடும்மா, டீ வேண்டாம்" என்று ஊர் பூராவும் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஆள் நான்.

ஒவ்வொரு நாளும் வெளியே கிளம்புமுன் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் புட்டியில் சிவப்பாக ஒரு திரவம் கொடுப்பார்கள். ஒரு சொட்டு விட்டால் புட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கருவி காட்ட வேண்டும். காட்டினால் கருவி நல்ல கருவி. போன சுற்றில் அந்தத் திரவம் எங்களுக்கு வந்து சேரவில்லை. வழியில் குளிர்பெட்டி கெட்டுவிட்டது என்றார்கள், அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள். திரவம் இல்லாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. விதியெல்லாம் நேற்று வேலைக்கு வந்தவர்களுக்கு என்பது என் நினைப்பு.

எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்குள் ஒரு குறுக்கு வழி உண்டு. ரத்த அளவு தெரிந்த ஒருவர் விரலில் குத்திப் பார்ப்போம். பழைய எண் வந்தால் கருவி சரி, வராவிட்டால் கருவி கெட்டது. இதற்கு 'வீட்டு ரத்தம்' என்று பெயர். பெரும்பாலும் அவரவர் விரலையேதான் குத்திக்கொள்வார்கள். நான் மாட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஆயிரக்கணக்கான விரல்களைக் குத்திய எனக்கு என் விரலில் ஊசி பட்டால் மயக்கம் வந்துவிடும்.

அதனால் என் வீட்டு ரத்தம் மருமகளுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் விளையாட்டாக அவள் விரலில் குத்திப் பார்த்திருந்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால்தான் ரத்தசோகை. "நல்ல ரத்தம்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டேன், என்னமோ நானே ஊட்டி வளர்த்த மாதிரி. அப்புறம் மூன்று வருடம் பார்க்கவே இல்லை. ஒரு பெண்குழந்தை பிறந்து, அது நடக்கப் பழகுமுன் அடுத்தது வயிற்றில் வந்து, ஆறு மாதமும் ஆகிவிட்டது. என் மனதில் மட்டும் அந்தப் பன்னிரண்டு புள்ளி ஆறு அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாம் மாதத்தில் அவள் ஒருமுறை சுகாதார நிலையத்துக்குப் போனாள். ரத்தம் பார்க்கிற இடத்தில் நீண்ட வரிசை. "வீட்லயே ரத்தம் பாக்குற ஆள் இருக்கேன், நீ எதுக்கு அங்க போய்க் கால் கடுக்க நிக்கணும்? நானே பாத்துடுறேன்" என்று கையோடு கூட்டி வந்துவிட்டேன். அன்றைக்கு அசதி. அடுத்த நாள் வேறு வேலை. ஊரார் விரலையெல்லாம் குத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் இன்னொரு விரலைப் பார்க்கவே பிடிக்காது. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் ஓடிப்போனது.

திரவம் வராத அந்த வாரத் திங்கட்கிழமை காலையில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"கையைத் தொடைச்சுட்டு இங்க வா. மெஷினைப் பாக்கணும்."

"என்னைப் பாக்கணுமா அத்தை, மெஷினையா?"

"மெஷினைத்தான். உன்னைத்தான் தினமும் பாத்துட்டு இருக்கேனே."

அவள் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். குத்தினேன். ரத்தம் வரக் கொஞ்சம் நேரமானது. வந்ததும் வெளிறித்தான் இருந்தது, கை ஈரத்தில் கலந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கருவி ஏழு புள்ளி நான்கு என்று காட்டியது. "சனியனே" என்று கருவியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேறு விரலில் குத்திப் பார்த்தேன். ஏழு புள்ளி ஐந்து.

"எவ்ளோ அத்தை?"

"ஏழாம்! கூத்தைப் பாத்தியா? ஏழுன்னா நீ இப்படி நின்னு பாத்திரம் கழுவிட்டு இருப்பியா? மெஷின்ல கோளாறு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நேராக ஆபீஸ் ஸ்டோருக்குப் போய் ஸ்டோர்காரரிடம் சண்டை பிடித்தேன். அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிற மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். வேறொன்று எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அது ஏழு புள்ளி மூன்று காட்டியது. அதையும் கொண்டுபோய்ப் போட்டேன். புதன்கிழமை மூன்றாவது கருவி, இன்னும் ஒட்டுத்தாள்கூடப் பிரிக்காதது. அதுவும் ஏழு புள்ளி மூன்று. வாங்கின அத்தனையும் போலி, யாரோ ஆபீசை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று நாலு பேர் காதுபட முழங்கினேன்.

ஆனாலும் வேலை நிற்கக் கூடாதே. அந்த நான்கு நாளும் கோளாறு என்று நான் சொன்ன கருவிகளோடுதான் தெருவில் இறங்கினோம். முப்பத்தெட்டு பெண்களின் விரலில் குத்தினோம். எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் 'கருவிக் கோளாறு' என்று எழுதச் சொன்னேன். எட்டு, ஏழு என்று வந்தவர்கள் முகம் வாடினால், "மெஷின் சரியில்லம்மா, நீ கவலைப்படாதே" என்று தேற்றிவிட்டு வந்தேன். கவலைப்படுவதற்காகத்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பேனாவுக்கு உறைத்தது. வியாழக்கிழமை ஒரு தையற்கடை வாசல் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அஞ்சு குறைவா காட்டுதுன்னு சொல்றீங்க. ஆனா காலையில அந்த வாத்தியாரம்மாவுக்குப் பதிமூணு வந்துச்சே. அப்ப அவங்களுக்கு நெஜமா பதினெட்டா?"

"கோளாறான மெஷினுக்கு ஒழுங்கு வேறயா? ஒரு நேரம் சரியா காட்டும், ஒரு நேரம் தப்பா காட்டும்."

"தினமும் உங்க மருமகளுக்கு மட்டும் தவறாம தப்பா காட்டுதாக்கா?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என் வீட்டுக்குப் படிவத்தைத் தூக்கிட்டு வராத. அவளுக்கு என் வீட்ல என்ன கொறை? நீ உன் பேனாவை மட்டும் சுத்து" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு அன்று முழுக்கப் படிவத்தில் இருப்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவளும் ஒரு வார்த்தை சொன்னாள், நான் வாயை அடைத்தேன். இதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிவாக்கில் ஸ்டோரிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். திரவம் வந்துவிட்டது. ஸ்டோர்காரர் மேசையில், முதல் நாள் மாலை நான் திருப்பிக் கொடுத்த மூன்றாவது உட்பட, நான் கொண்டுபோய்ப் போட்ட மூன்று கருவிகளும் வரிசையாக இருந்தன.

"வாம்மா. உன் எதிரிலேயே பாக்கலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார்.

ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டார். புட்டியில் இருந்தது பன்னிரண்டு. முதல் கருவி பன்னிரண்டு. இரண்டாவது பன்னிரண்டு புள்ளி ஒன்று. மூன்றாவது பன்னிரண்டு. அவசரப்படாமல் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணும் நல்லாத்தான் இருக்கு. நீ எதை வச்சுச் சோதிச்சே?"

"வீட்டு ரத்தம்ணே."

"உன்னுதா?"

"மருமகளோடது."

அவர் கருவிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம், "நீ வீட்டுக்குப் போம்மா. கையெழுத்தெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாக ஊராரிடம் கேட்டதை முதல்முறையாக என்னிடம் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? மகன் வண்டி ஓட்டுகிறவன், நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அதனால் அவன் முதலில். நான் நாளெல்லாம் நடந்து வந்து இடுப்பொடியக் கிடக்கிறவள், அதனால் அடுத்தது நான். அப்புறம் குழந்தைக்கு ஊட்டியாக வேண்டும். அவள் எப்போது சாப்பிட்டாள், என்ன மிஞ்சியது என்று யோசித்தேன். எவ்வளவு முட்டியும் ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. "சமைக்கிறவளுக்கு ருசி பாத்தே வயிறு ரொம்பிடும்" என்று நான் அடிக்கிற ஜோக் மட்டும் நன்றாக நினைவிருந்தது. மகனும் நானும் அதற்கு விழுந்து விழுந்து சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

கறி வாரத்துக்கு ஒருநாள் எடுப்போம். துண்டெல்லாம் மகன் தட்டிலும் என் தட்டிலும் இருக்கும். அவள் பாத்திரத்தை வழித்து அந்தச் சாற்றில் சோற்றைப் பிசைந்து தின்பதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சாறுதான் பிடிக்கும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன்.

சத்து மாத்திரை என் பையிலிருந்து ஓர் அட்டை எடுத்துக் கொடுத்திருந்தேன். அது குமட்டுகிறது என்று சூடான டீயோடுதான் விழுங்குவாள். என் கண்ணெதிரில் விழுங்குவாள். தெருவில் யாராவது அப்படிச் செய்தால் தையா தக்கா என்று குதிக்கிறவள், வீட்டில் எனக்கும் ஒரு டீ வை என்று சொன்னேன். போன மாதம் முழுக்க அவள் பச்சரிசியை எந்நேரமும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். "என்னடி எலி மாதிரி கொறிச்சுட்டே இருக்கே" என்று கேலி செய்தேன். படிவத்தில் அது பதினேழாவது கேள்வி.

எல்லாவற்றையும்விட என்னை அறுப்பது இன்னொன்று. இரண்டு மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும், "உண்டானதும் உன் மருமகளுக்கு நல்லா நிறம் ஏறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே ரத்தசோகை தெரியும், ஒரு நொடி வேலை. அந்த வெளுப்பைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். இரண்டாவதை உடனே பெற்றுவிடச் சொன்னதும் நான்தான். "ஒரே மூச்சுல ரெண்டையும் பெத்து எடுத்துட்டா வேலை முடிஞ்சுது" என்றேன். உடம்பு தேறட்டும் என்று அவள் இழுத்தபோது, அந்தக் காலத்தில் நாங்கள் பெற்றுக்கொள்ளவில்லையா என்று மடக்கினேன்.

போனதும் அவளை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும், பிறகு கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினேன். ஏழு என்பது ஒன்றும் தீர்க்க முடியாத எண் இல்லை. வேறு வீட்டில் இந்த எண் வந்தால் நானே அவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். "பயப்படாதம்மா, நேரத்துல கண்டுபிடிச்சுட்டோம்" என்று.

வீடு பூட்டியிருந்தது. கீழ்வீட்டம்மா என் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். தண்ணீர்க் குடத்தோடு படியேறிய மருமகள் பாதியில் கண் இருட்டி விழுந்துவிட்டாளாம். ரத்தம் போக ஆரம்பித்துவிட்டதாம். ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகிறதாம். "குடத்தைத் தூக்காதேன்னு நான் அப்பவே சொன்னேன். அத்தை வர்ற நேரம், வெந்நீர் வைக்கணும்னு சொன்னா" என்று அவள் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஆறு புள்ளி ஒன்று. வேறு யாருக்காவது அவ்வளவு ரத்தம் போயிருந்தால் தாங்கியிருக்கும், இந்த உடம்பில் இழக்க ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை. ஆண் குழந்தை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மகன் வண்டியை எங்கோ பாதி வழியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்து, "நீதான் வாராவாரம் நூறு பேருக்கு ரத்தம் பாக்குறியேம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அடித்திருந்தால்கூட நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

டாக்டரம்மா படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க வந்தார். முதல் கேள்விக்கே பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். "அவ எல்லாம் சாப்பிடுவா டாக்டர்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அவர் எழுதாமல் என்னையே பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். மாமியார்களை நான் எத்தனை வீட்டில் இதே மாதிரி வெளியே அனுப்பியிருக்கிறேன்! ஒருத்தியாவது மரியாதையாகப் போனதில்லை, முணுமுணுத்துக்கொண்டுதான் போவார்கள். நான் முணுமுணுக்கவில்லை. போய்ச் சுவரோரம் நின்றேன்.

கருவிகள் சரியாகத்தான் இருந்தன என்று ஸ்டோர்காரர் சொல்லித் தெரிந்துகொண்ட பேனா, சனிக்கிழமை தனியாகவே அந்த முப்பத்தெட்டு வீடுகளுக்கும் திரும்பப் போனாள். பதினான்கு பேரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குச் சொன்னாள். அவர்களில் இரண்டு பேர் மாசமாக இருக்கிறவர்கள். "நல்லவேளைக்கா, நேரத்துல போயிட்டோம்" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் மேல் என்ன தப்பு? நல்லவேளைதான். அந்த இரண்டு பேருக்கு.

நாலாம் நாள் மத்தியானம் மருமகள் கொஞ்சம் தெளிந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கட்டில் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தட்டில் சோறும் கீரையும் ஒரு முட்டையும் இருந்தன. நான்கு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, உனக்குத் தலை சுத்தலையா? மூச்சு வாங்கலையா? எதுவுமே தெரியலையா?"

"தெரிஞ்சுது அத்தை. படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். துணி பிழியிறப்போ காதுல கொய்ங்னு கேக்கும். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமான்னு போன வாரம் பொடவை மாத்திக்கூட நின்னேன்."

"அப்புறம் ஏன் போகல?"

அவள் ஏதோ சின்னக் குழந்தை கேட்ட கேள்விபோல என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான மெஷின்ல கோளாறுன்னு சொன்னீங்க. மூணு மெஷின் மாத்தினீங்க, மூணும் தப்புன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா? உடம்புல ஒண்ணுமில்ல, எனக்குத்தான் சோம்பல் ஜாஸ்தியாயிடுச்சு போலன்னு வேலையைப் பாத்தேன்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுதும்மா. முழுக்க என்னுது" என்றேன். ஊசி ஏறியிருந்த கை, இன்னும் சில்லென்றுதான் இருந்தது. வாழ்க்கையில் நான் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கண்ணீர் வந்து மூக்கெல்லாம் ஒழுகி அசிங்கமாக அழுதேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

முந்தின நாள் ராத்திரியிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. "சாப்பிட்டாச்சு" என்று பொய் சொன்னேன். அவள் கை அதற்குள் முட்டையை எடுத்து என் பக்கம் பாதியாகப் பிட்டுக்கொண்டிருந்தது.